மத்தா தோற்ற மன்றம்

அரபுக் கல்லூரிகளில் மன்திக் எனப்படும் தருக்கவியலைத் தொடங்கும் மாணவனின் கையில் முதலில் வைக்கப்படுவது, பெரும்பாலும் சில பக்கங்களே கொண்ட ஒரு சிறு கிதாபு. அதன் பெயர் ‘ஈஸாகூஜீ’. நாம் ஓதிய காலத்தில் நமது உஸ்தாத் அவர்கள் முதல் ஸபக்கிலேயே அப்பெயருக்கு விளக்கம் தந்தார்கள். ஈஸாகூஜீ என்பது ஐந்து இதழ்கள் கொண்ட ஒரு மலர்; இந்நூல் ஐந்து பொதுமைகளைப் பற்றிப் பேசுவதால் இதற்கு அம்மலரின் பெயர் இடப்பட்டது என்றார்கள். அது ஒரு யவன அறிஞரின் பெயர் என்று கூறுவோரும் உளர் என்றார்கள். உஸ்தாத் தாமாகக் கற்பித்துச் சொன்னதன்று இது. ஷரஹுகளில் அவ்வாறே எழுதப்பட்டுள்ளது. நாமும் அதை ஓரத்தில் குறித்துக்கொண்டோம். பல ஆண்டுகள் கழித்து, எம்.ஏ. பட்டத்திற்குப் பயின்றபோதுதான் உண்மை தெரிந்தது. அது மலருமன்று, மனிதருமன்று. ‘அறிமுகம்’ என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல். மூன்றாம் நூற்றாண்டினரான போர்ஃபிரி அரிஸ்டாட்டிலின் தருக்க நூல்களுக்கு எழுதிய அறிமுகத்தின் தலைப்பு அது. (அவர் கிறித்தவ சமயத்தை மறுத்து நூல் எழுதியவர். அவருடைய அறிமுகத்தைப் பேணி, ஸுர்யானி மொழியில் பெயர்த்து, அரபு வரை கொண்டு சேர்த்தவர்களோ கிறித்தவர்கள். வரலாற்றுக்கு இத்தகைய குறும்புகள் உண்டு.) ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டினரான அஸீருத்தீன் அல்அப்ஹரீ தம் சிறு நூலுக்கும் அப்பெயரையே சூட்டினார். அதையே நாம் ஓதினோம்; இன்று ஓதிக்கொடுக்கிறோம்.

ஆக, பக்தாதில் ஆட்சியும் சட்டமும் மொழியும் முஸ்லிம்களிடம் இருந்த காலத்தில் ஒரு சிறு கிறித்தவ வட்டம் பயின்ற கலை, பின்னர் முஸ்லிம் சன்மார்க்கக் கல்வியின் வாயிற்படியாயிற்று. எண்ணிக்கையில் அன்றைய இராக்கில் யார் எத்தனை பேர் என்பது வேறு ஆய்வு. செல்வாக்கில் யார் சிறுபான்மை என்பதில் ஐயமில்லை. அந்த வட்டத்தின் தலைவர் ஒருமுறை பெரும்பான்மையின் மன்றத்தில் நின்று வாதிட்டார், வெட்கப்படும்படி தோற்றார். அந்தத் தோல்வியின் பதிவு அரபு உரைநடையின் சிறந்த பக்கங்களுள் ஒன்றாக நம்மிடம் உள்ளது. அப்பதிவைச் சற்று நிதானமாக வாசிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பதிவு இடம்பெற்றுள்ள நூல் ‘அல்இம்தாஉ வல்முஆனஸா’. ஆசிரியர் அபூ ஹய்யான் அத்தவ்ஹீதீ, ஹிஜ்ரி 414 (கி.பி. 1023) அளவில் மறைந்தவர். அமைச்சர் இப்னு ஸஃதானின் அவையில் இரவுதோறும் தாம் நிகழ்த்திய உரையாடல்களைத் தொகுத்து அவர் இதனை எழுதினார். கெய்ரோவில் 1939 முதல் 1944 வரை அஹ்மத் அமீன், அஹ்மத் அஸ்ஸைன் இருவரும் மூன்று பாகங்களாகப் பதிப்பித்தனர். நாம் எடுத்துக்கொள்ளும் விவாதம் எட்டாம் இரவில் வருகிறது. இதனை மார்கோலியத் 1905-லேயே தனியே அச்சிட்டு ஆங்கிலத்தில் பெயர்த்திருந்தார். விவாதம் நடந்த ஆண்டாக நூலில் ஹிஜ்ரி 326 என்று காணப்படுகிறது. ஆனால் அதே பகுதியில், வென்றவர் 280-இல் பிறந்தவர், அன்று அவருக்கு வயது நாற்பது என்றும் சொல்லப்பட்டுள்ளது. எனவே ஹிஜ்ரி 320, அதாவது கி.பி. 932 என்பதே பொருந்தும். யாகூத்தும் அவ்வாண்டையே தருகிறார்.

அமைச்சர் இப்னுல் ஃபுராத்தின் அவை. அறிஞர்கள் நிறைந்திருக்கின்றனர், எகிப்திலிருந்து வந்த தூதரும் இருக்கிறார். மெய்யைப் பொய்யிலிருந்தும் நன்மையைத் தீமையிலிருந்தும் பிரித்தறிய மன்திக் அன்றி வேறு வழியில்லை என்று மத்தா கூறிவருகிறாராம். அவருக்கு விடை சொல்ல உங்களில் ஒருவரும் இல்லையா என்று அமைச்சர் கேட்கிறார். அவை தலைகுனிகிறது. இறுதியில் அபூ ஸஈத் அஸ்ஸீராஃபீ (மறைவு ஹி. 368 / கி.பி. 979) எழுகிறார். இலக்கண இமாம் ஸீபவைஹியின் ‘கிதாப்’ நூலுக்குப் பேருரை எழுதியவர் அவர். எதிரே அபூ பிஷ்ர் மத்தா இப்னு யூனுஸ் (மறைவு ஹி. 328 / கி.பி. 940), தைர் குன்னாவைச் சேர்ந்த நெஸ்தூரியக் கிறித்தவர். ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே அழைக்கப்பட்டது மத்தாவை விளங்கிக்கொள்வதற்கு அன்று. கேள்வி எழுந்த விதத்திலேயே தீர்ப்பும் அடங்கியிருக்கிறது.

மத்தா மன்திக்கை ஒரு தராசு என்கிறார். ஸீராஃபீயின் மறுமொழி உடனே வருகிறது. தராசு எடையைச் சொல்லும். தட்டில் இருப்பது இரும்பா, பொன்னா, பித்தளையா என்பதைச் சொல்லுமா? உலகப் பொருள் யாவும் நிறுக்கப்படுவனவுமல்ல. சில முகக்கப்படும், சில முழம் போடப்படும். அடுத்து, இது ஒரு யவனர் தம் மொழி வழக்கை வைத்துச் செய்தது. துருக்கியரும் இந்தியரும் பாரசீகரும் அரபியரும் இதற்கு ஏன் கட்டுப்பட வேண்டும் என்று கேட்கிறார். மன்திக் சொல்லைப் பற்றியதன்று, பொருளைப் பற்றியது. நாலும் நாலும் எட்டு என்பதில் எல்லாச் சமூகத்தாரும் ஒன்றே என்கிறார் மத்தா. எல்லாச் செய்தியும் நாலும் நாலும் எட்டுப் போல் வெளிப்படையாக இருந்தால் கருத்து வேறுபாடு ஏன் பிறக்கிறது என்று மடக்குகிறார் ஸீராஃபீ. பிறகு கூர்மையான அடி விழுகிறது. உமக்கு யவன மொழி தெரியாது. நீர் பெயர்ப்பது ஸுர்யானியிலிருந்து. ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கும் அதிலிருந்து மூன்றாவதற்கும் தாவிய கருத்து முழுமையாக வந்து சேர்ந்தது என்பதற்கு என்ன உறுதி? மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எவரும் இக்கேள்விக்கு முன் சற்றுத் தயங்கியே ஆகவேண்டும்.

அடுத்து வருவது ‘வாவ்’ என்னும் ஓரெழுத்து. இதன் பொருள்களை உம் மன்திக்கால் எடுத்துரையும் என்கிறார் ஸீராஃபீ. தமிழ் வாசகர்க்கு இக்கேள்வியின் கனம் எளிதில் விளங்கும். தமிழில் ‘உம்’ என்னும் இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியர் எட்டுப் பொருள்கள் வகுக்கிறார். எண்ணுப் பொருளில் வரும் உம்மையை எச்ச உம்மையாகக் கொண்டால் ஓர் ஒப்பந்தமே மாறிப்போகும். ‘வாவ்’ அத்தகையது. இது இலக்கணம், நான் இலக்கணத்தைப் பார்க்கவில்லை என்கிறார் மத்தா. மன்திக் அறிந்தவனுக்கு இலக்கணம் வேண்டுவதில்லை, இலக்கணம் அறிந்தவனுக்கே மன்திக் மிகவும் வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்கிறார். அந்த அவையில் அவர் சொன்னவற்றுள் இதுவே பெரும் பிழை.

ஸீராஃபீ அதற்கு விட்ட பொறி இன்றும் பாடமாக உள்ளது. ‘ஸைத் சகோதரர்களிற் சிறந்தவன்’, ‘ஸைத் தன் சகோதரர்களிற் சிறந்தவன்’. இரண்டும் சரிதானா? சரி என்கிறார் மத்தா. தவறு. ஸைதின் சகோதரர் யாவர் என்று கேட்டால் அம்ரையும் பக்ரையும் காலிதையும் சொல்வோமே தவிர ஸைதைச் சொல்லமாட்டோம். சிறந்தவன் எனப்படுபவன், எந்தக் கூட்டத்தோடு ஒப்பிடப்படுகிறானோ அக்கூட்டத்தில் ஒருவனாக இருத்தல் வேண்டும் என்பது அரபு மரபு. (தமிழில் நாம் இரண்டையும் கூசாமல் சொல்கிறோம், மத்தாவைக் கண்டு சிரிக்கும் முன் இதையும் நினைத்துக்கொள்ளலாம்.) மாணவப் பருவத்தில் இவ்விடத்தில் நாம் வாய்விட்டுச் சிரித்ததுண்டு. இப்போது வாசிக்கையில் வேறொன்று தெரிகிறது. ஒரு பொருள் ஒரு தொகுதியின் உறுப்பா இல்லையா என்பது இலக்கணக் கேள்வியா, தருக்கக் கேள்வியா? தருக்கக் கேள்வியே. மத்தா தம் சொந்தக் கலையில் தவறினார். அத்தவறைக் கண்டுபிடித்தது இலக்கணம். மொழியைப் புறக்கணித்தவர் தம் கலையையே அங்கு இழந்தார்.

ஆயினும் இப்பதிவை ஓர் அறிக்கையாக நாம் எடுத்துக்கொள்ள இயலாது. தவ்ஹீதீ அவையில் இருந்தவர் அல்லர். சிலவற்றை ஸீராஃபீயின் வாயிலாகவும், முழு விவரத்தை அலீ இப்னு ஈஸா அர்ருமானீ (மறைவு ஹி. 384 / கி.பி. 994) வழியாகவும் கேட்டவர். முன்னவர் வெற்றியாளர், பின்னவரும் இலக்கண அறிஞர். மத்தாவின் தரப்பில் ஒரு சொல்லும் நமக்கு வரவில்லை. ஸீராஃபீயின் உரைகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. மத்தாவுக்கு ஒரு வரி, அரை வரி. விவாதத்திற்குள் திரித்துவக் கொள்கை பற்றிய ஒரு குத்தலும் வருகிறது. ‘வாவ்’ எழுத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் அவையைச் சிரிக்க வைக்க அது போதும். சிறுபான்மையினன் ஒருவன் எதைப் பற்றிப் பேச எழுந்தாலும் இறுதியில் அவன் எவன் என்பதைப் பற்றியே பேச்சு முடிவது அன்றும் வழக்கமாக இருந்திருக்கிறது.

இன்னொன்று. விவாதத்தைச் சொல்லத் தொடங்கும் முன்னரே தவ்ஹீதீ மத்தாவை இழிவுபடுத்திவிடுகிறார். அவர் ஒரு தாளுக்கு ஒரு திர்ஹம் வாங்கிக்கொண்டு, குடித்த நிலையில், பாடம் எழுதச் சொல்பவராம். இந்த ஒரு திர்ஹத்தைப் படித்தபோது நமக்கு வேறொரு செய்தி நினைவுக்கு வந்தது. ஸீராஃபீயின் பேணுதலைப் போற்றும் வரலாற்றாசிரியர்கள், அவர் நீதிபதிப் பணிக்கு ஊதியம் பெறாமல், நாளும் பத்துத் தாள்கள் படியெடுத்து அதற்குப் பத்துத் திர்ஹம் பெற்று வாழ்ந்தார் என்கின்றனர். கணக்கு ஒன்றே, தாளுக்கு ஒரு திர்ஹம். ஒருவருக்கு அது பேணுதல், மற்றவருக்கு அது கூலி!

ஸீராஃபீ யார் என்பதும் கேட்கத்தக்கது. பாரசீகக் கரையின் ஸீராஃப் துறைமுகத்தைச் சார்ந்தவர். அவருடைய தந்தை பிஹ்ஸாத் என்னும் பெயருடைய மஜூஸி. அவருக்கு அப்துல்லாஹ் என்று பெயர் மாற்றியவர் ஸீராஃபீயே. அவர் உரை எழுதிய ‘கிதாப்’ நூலின் ஆசிரியர் ஸீபவைஹியும் பாரசீகரே. அரபுக்காக நின்ற அந்தக் குரல் இரண்டு தலைமுறைக்கு முன் அரபுக்கு வெளியே இருந்தது. அவையில் இருந்தோர் பட்டியலில் குதாமா இப்னு ஜஃபரின் பெயரும் காணப்படுகிறது. ‘நக்துஷ் ஷிஃர்’ என்னும் கவிதைத் திறனாய்வு நூலால் புகழ்பெற்ற அவர் கிறித்தவராகப் பிறந்து இஸ்லாத்தைத் தழுவியவர். கவிதையை வரையறுத்துக் கூறுபடுத்துவதில் மன்திக்கின் முறையைக் கையாண்டவர். மத்தா எதைச் சொல்ல முயன்று தோற்றாரோ, அது ஏற்கனவே அந்த மன்றத்தில் வாய்மூடி அமர்ந்திருந்தது. பெரும்பான்மை என்று நாம் ஒரு சொல்லால் குறிப்பது, முன்னாள் சிறுபான்மையினர் பலர் வந்து கலந்த ஆறே. புதிதாக ஓர் ஓடை வரும்போது மிகுதியாகச் சலசலப்பது, சற்று முன்னர் வந்து கலந்த நீர்தான்.

அவை கலைந்த பின் நடந்தவற்றை எட்டாம் இரவு சொல்லவில்லை. மத்தாவின் மாணவர் யஹ்யா இப்னு அதீ (மறைவு ஹி. 363 / கி.பி. 974), யாகூபியக் கிறித்தவர், படியெடுத்து வாழ்ந்தவர். தருக்கத்துக்கும் அரபு இலக்கணத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் வசையில்லை, எது எதன் எல்லை என்பதை மட்டும் பொறுமையாக வரைந்து காட்டுகிறார். அவர் வகுப்பில் முஸ்லிம்கள் வந்து அமர்ந்தனர். அபூ ஸுலைமான் அஸ்ஸிஜிஸ்தானீ அவர்களில் ஒருவர். இந்த அபூ ஸுலைமானையே தவ்ஹீதீ தம் ஞானாசிரியராகக் கொண்டார். யஹ்யாவின் அமர்வுகளிலும் தவ்ஹீதீ இருந்திருக்கிறார். அவருடைய மற்றொரு நூலான ‘அல்முகாபஸாத்’தில் இலக்கணமும் மன்திக்கும் ஒன்றுக்கொன்று உறவுடைய கலைகளாகப் பேசப்படுகின்றன. மத்தாவின் தோல்வியைச் சுவைபடச் சொன்ன நாவும் மத்தாவின் மாணவரிடம் பாடம் கேட்ட செவியும் ஒரே மனிதருடையவை. இதைத் தவ்ஹீதீயின் முரண்பாடு என்று ஒதுக்கிவிட நமக்கு மனமில்லை. சிறுபான்மையின் கருத்து பெரும்பான்மையைச் சென்றடையும்போது இப்படித்தான் இருக்கும். மன்றத்தில் சிரிப்பு, வீட்டில் பாடம்.

பாரிஸில் வாழ்ந்த ஸெர்ஜ் மொஸ்கோவிசி என்னும் சமூக உளவியலாளர் 1969-இல் தம் கூட்டாளிகளுடன் செய்த ஒரு சோதனையை வெளியிட்டார். ஆறு பேர் கொண்ட குழுவுக்கு நீல நிறப் படங்களைக் காட்டி நிறத்தைக் கேட்டனர். அறுவரில் இருவர் ஏற்கனவே பழக்கி வைக்கப்பட்டவர்கள். அவர்கள் ‘பச்சை’ என்றனர். இருவரும் ஒவ்வொரு முறையும் தவறாமல் பச்சை என்றபோது, மற்றவர்களின் விடைகளில் 8.42 விழுக்காடு பச்சையாயிற்று. சில முறை பச்சை, சில முறை நீலம் என்று மாறிச் சொன்னபோது அது 1.25 விழுக்காடே. தளராத உறுதியே சிறுபான்மையின் ஆயுதம் என்பது அவர் முடிவு. பெரும்பான்மைக்கு இணங்குவோர் வெளியே இணங்கி உள்ளே மாறாதிருப்பர், சிறுபான்மையால் தாக்குண்டோர் வெளியே மறுத்து உள்ளே மாறுவர் என்றும் பின்னர் எழுதினார். தவ்ஹீதீக்கு இது நன்கு பொருந்துகிறது. எனினும் இக்கோட்பாடு முழுமையானதன்று என்பதே நமது கருத்து. நீலம், பச்சை என்று சொல்ல ஒரு சொல் போதும். அங்கே எவருடைய உச்சரிப்பும் நகைக்கப்படுவதில்லை, எவருடைய இறைக் கொள்கையும் இழுக்கப்படுவதில்லை. மத்தாவிடம் உறுதிக்குக் குறைவில்லை. மன்திக்கே தராசு என்பதிலிருந்து அவர் கடைசி வரை இறங்கவில்லை. அந்த உறுதி அவருக்கு அங்கே எதையும் ஈட்டித் தரவில்லை. கருத்து நிலைபெற்றது அவர் உறுதியால் அன்று. வேறொருவர் அதை வேறு சொற்களில் சொன்னதால்.

அந்த வேறொருவர்களில் முதல்வர் ஃபாராபீ (மறைவு ஹி. 339 / கி.பி. 950). கிறித்தவ ஆசிரியர் யூஹன்னா இப்னு ஹைலானிடம் பயின்றவர், மத்தாவின் வட்டத்தோடு தொடர்புடையவர், ஆனால் முஸ்லிம். அரபு இலக்கணத்தையும் அவர் பொருட்படுத்திக் கற்றார். முதகல்லிம்களின் வழியில் ஒரு சிறு தருக்க நூல் எழுதினார். அரிஸ்டாட்டில் தம் காலத்தவர் அறிந்த எடுத்துக்காட்டுகளைக் கையாண்டார். அவரைப் பின்பற்றுவது என்றால் நம் காலத்தவர் அறிந்தவற்றை நாம் கையாள்வதுதான் என்பது அதில் அவர் எடுத்த நிலை. நபி (ஸல்) அவர்களின் மொழிகளில் தருக்கக் கலையைச் சுட்டுவனவற்றைத் தொகுத்து ஒரு நூல் செய்ததாகவும் அவர் நூற்பட்டியலில் காண்கிறோம். மேற்கே, அந்தலூஸில், இப்னு ஹஸ்ம் (மறைவு ஹி. 456 / கி.பி. 1064) ‘அத்தக்ரீப்’ என்னும் நூலில் பொதுமக்கள் சொற்களாலும் ஃபிக்ஹு எடுத்துக்காட்டுகளாலும் மன்திக்கை விளக்கினார்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களிடம் (மறைவு ஹி. 505 / கி.பி. 1111) இவ்வேலை நிறைவெய்துகிறது. தத்துவவாதிகளின் கொள்கைகளை அவர்களைப் போல் தாக்கியவர் இல்லை. அவர்களே தத்துவவாதிகளின் கருவியை எடுத்து, அது எவருடைய தனிச் சொத்துமன்று என்றார்கள். ‘அல்கிஸ்தாஸுல் முஸ்தகீம்’ நூலில் ஐந்து தராசுகளைக் குர்ஆனிலிருந்தே எடுத்துக் காட்டுகிறார்கள். நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் நம்ரூதோடு செய்த வாதம் அதில் ஒரு தராசாகிறது. ஹிஜ்ரி 503 (கி.பி. 1109)-இல் முடித்த ‘அல்முஸ்தஸ்ஃபா’, சட்ட மூலவியல் நூல். அதன் முகப்பில் தருக்கத்தை வைத்து, இதனை அறியாதவரின் அறிவை நம்புவதற்கில்லை என்னும் கருத்தை உரைக்கிறார்கள். இப்னுல் ஃபுராத்தின் அவையில் மத்தா சொன்னதும் ஏறத்தாழ இதுவே. இடையில் 177 ஆண்டுகள், சொன்னவர் வேறு. அவர்களுடைய தருக்க நூல்களின் தலைப்புகளையும் பாருங்கள். ஒன்று ‘மிஃயாருல் இல்ம்’, அறிவின் அளவுகோல். மற்றொன்று ‘மிஹக்குன் நழர்’. மிஹக் என்பது உரைகல். தராசு பொன்னையும் பித்தளையையும் பிரித்தறியாது என்ற ஸீராஃபீக்கு, உரைகல் என்னும் சொல் விடையாக வருகிறது! இமாமவர்கள் அதைக் கருதியே பெயரிட்டார்கள் என்று நாம் சாதிக்கவில்லை. வாசிப்பவர் காதில் அவ்வொலி விழுகிறது என்று மட்டும் சொல்கிறோம்.

எனவே ஸீராஃபீயைக் கண்மூடிய பெரும்பான்மைவாதி என்று முடிவு கட்டுவது நன்றிகேடு. அவர் அன்று மறுக்காமல் தலையசைத்திருந்தால் மன்திக் ஒரு மொழிபெயர்ப்பு அரபிலேயே தங்கிப்போயிருக்கும். எங்கள் மொழியில் வா என்று அவர் வாசலில் நின்று மறித்தார். ஒன்றே முக்கால் நூற்றாண்டு கழித்து அது அந்த மொழியில் வந்தது. மத்தாவின் மொழிபெயர்ப்பு எத்தகையது என்பதற்குச் சான்றும் உண்டு. அரிஸ்டாட்டிலின் கவிதையியலை அவர் ஸுர்யானியிலிருந்து பெயர்த்தது பாரிஸில் ஒரு கைப்பிரதியில் எஞ்சியுள்ளது. நாடக மேடையையே அறியாத மொழியில், துன்பியலை ‘மதீஹ்’ என்றும் இன்பியலை ‘ஹிஜா’ என்றும் வைத்தார். புகழ்ப்பாட்டும் வசைப்பாட்டும்! இப்னு ருஷ்து போன்ற பேரறிஞரும் அவ்வழியே சென்று அரபுக் கவிதைகளில் உதாரணம் தேடினார். பொருள்தான் முக்கியம், சொல் ஒரு பொருட்டன்று என்று மன்றத்தில் சொன்னவரை, சொல் இவ்வாறு பழிவாங்கிற்று.

இதை எழுதும் உரிமை நமக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு சிற்றூரில் பல சமயத்தாரும் கூடிய ஓர் அரங்கில் பிஸ்மில்லாஹ்வின் பொருள் குறித்துப் பேச அழைக்கப்பட்டிருந்தோம். ரஹ்மானுக்கு அளவற்ற அருளாளன், ரஹீமுக்கு நிகரற்ற அன்புடையோன் என்னும் வழக்கமான தமிழாக்கத்தைச் சொல்லிச் சென்றோம். முதிய தமிழாசிரியர் ஒருவர் எழுந்து, அருளுக்கும் அன்புக்கும் என்ன வேறுபாடு கண்டு இதை முன்னதற்கும் அதைப் பின்னதற்கும் வைத்தீர்கள் என்று பணிவாகக் கேட்டார். நமக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். கருத்துத்தான் முக்கியம் ஐயா, சொல்லில் என்ன இருக்கிறது என்றோம். அவையில் ஒரு மெல்லிய சிரிப்பு ஓடியது. அப்பெரியவர் சிரிக்கவில்லை, அமர்ந்துவிட்டார்.

ஊர் திரும்பிய பின்னரே குறளைப் புரட்டினோம். வள்ளுவர் அருளை அன்பின் குழந்தையாகக் காண்கிறார். தொடர்புடையாரிடம் செல்வது அன்பு, தொடர்பு நோக்காது எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என்று உரைகாரர்கள் வேறுபடுத்துகின்றனர். முஃபஸ்ஸிரீன்கள் ரஹ்மானையும் ரஹீமையும் பிரிக்கும் இடமும் இதுவே. படைப்பனைத்தையும் தழுவுவது முன்னது. ஈமான் கொண்டோர்க்கு உரிய தனிக் கருணை பின்னது என்பது அவர்களில் பலர் கொண்ட கருத்து. நமது முன்னோர் தேர்ந்த இரு தமிழ்ச் சொற்களும் அவ்வளவு பொருத்தமாக இருந்தன. அந்தச் செல்வத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதன் மதிப்பு அறியாமல் மத்தாவின் விடையைச் சொல்லிவிட்டு வந்தோம். இப்போதும் ஆலிமுக்கு அரபு போதும், தமிழ் இலக்கணம் எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் நம் ஆசிரியர் அறைகளில் உண்டு. அவர்களுடன் வாதிடும்போது நாம் ஸீராஃபீயின் பக்கம் நிற்கிறோம்.

மன்திக்கின் வெற்றி முழுமையானது என்று கருத வேண்டாம். இப்னுஸ் ஸலாஹ் (மறைவு ஹி. 643 / கி.பி. 1245) அதற்கு எதிராக ஃபத்வா அளித்தார். இப்னு தைமிய்யா (மறைவு ஹி. 728 / கி.பி. 1328) பெருநூல் எழுதி மறுத்தார், மறுப்பதற்காகவே அதை அவர் ஆழக் கற்க வேண்டியிருந்தது. ஆனால் நம் நாட்டுப் பக்கம் முல்லா நிஜாமுத்தீன் (மறைவு 1748) பெயரால் வழங்கும் பாடத்திட்டத்தில், மன்திக் நூல்கள் தஃப்ஸீர் நூல்களைவிட மிகுதியாக இடம்பெற்றதை எல்லோரும் அறிவோம். அது மிகை என்பதே நமது எண்ணமும். இத்தனை நூல்களிலும், இத்தனை ஷரஹு ஹாஷியாக்களிலும், மத்தாவின் பெயரை நமக்கு யாரும் ஓதித் தரவில்லை. யஹ்யாவின் பெயரும் இல்லை. கலை நம்முடையதாகிவிட்டது, கொண்டுவந்தவர் மறைந்தார், அவர் விட்டுச்சென்ற சொல் மட்டும் மலராகிவிட்டது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் அதைக் குர்ஆனின் தராசு என்று சொல்லியிராவிட்டால் அது உள்ளே வந்திராது. அவ்வாறு சொன்னதாலேயே அது வந்த வழி மறந்துபோயிற்று. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் பெற வழி இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

அண்மையில் முதல் ஸபக்கின் போது மாணவர்களுக்கு இந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னோம். ஒரு மாணவர், அப்படியானால் ஷரஹில் உள்ள ஐந்து இதழ் மலரை அடித்துவிடலாமா ஹழ்ரத் என்று கேட்டார். வேண்டாம், அது இருக்கட்டும், ஓரத்தில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றோம். அவர் எழுதுகோலை எடுத்தார். பிறகு தலைநிமிர்ந்து, மத்தா என்பதைக் கடைசியில் யாவாகவா அலிஃபாகவா எழுதுவது என்று கேட்டார். யா என்றோம்.